பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்: கைடு, ஜெராக்ஸ், பி.டி.எஃப்., எதை எதற்குப் படிப்பது?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் நான் முதலில் செய்யும் வேலை, சமூக அறிவியலுக்கு என்று ஒவ்வொருவரும் வைத்திருப்பது அத்தனையையும் பெஞ்ச் மேல் எடுத்து வைக்கச் சொல்வதுதான். ஒரு வருடம் ஒரு மாணவியின் பையிலிருந்து வந்தவை: பாடப்புத்தகம், ஒரு கைடு, பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி, டியூஷன் நோட்ஸ், அப்புறம் வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளின் பெயர் போட்ட மூன்று ஜெராக்ஸ் கட்டுகள். மூன்று கட்டிலும் பெரும்பாலும் அதே வினாக்கள்தான். ஆனால் யூனியன் பிரதேசங்கள் எத்தனை என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒன்றில் 7 என்றும், ஒன்றில் 9 என்றும், மற்றொன்றில் 8 என்றும் விடை இருந்தது. "எது சரி டீச்சர்?" என்று கேட்டாள். புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம். குடிமையியல் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே, மடிப்புக் கலையாமல் இருந்தன.

சரியான விடை 8. ஆனால் மற்ற இரண்டும் எங்கிருந்தோ முளைத்த தவறுகள் அல்ல. 2019 அக்டோபர் 31 வரை 7 தான். அன்று ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததும் 9 ஆனது. 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இணைந்ததும் 8. அதாவது மூன்று ஜெராக்ஸும் மூன்று காலத்தில் தயாரானவை, அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்தவை. தயாரித்த ஆசிரியர் மேல் குற்றமில்லை. தேதி இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிற தாள்களை நம்பி ஒரு பிள்ளை தேர்வுக்குப் போகிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

இவ்வளவு தாள் ஏன் சேர்கிறது என்பதற்குப் பாடத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 2019இல் வந்த புதிய பாடத்திட்டப்படி பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் என்பது வரலாறு 10 பாடம், புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5, ஆக 27 பாடங்கள். முதல் உலகப்போர் எப்படி வெடித்தது என்பதில் தொடங்கி, தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் வரை போகும். கணக்கில் ஒரு முறை தெரிந்தால் பத்துக் கணக்கு போடலாம், இங்கே அப்படி ஒரு சாவி கிடையாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதனால் 'எதை விடலாம்' என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாகக் கிளம்பியவைதான் முக்கிய வினாத் தொகுப்பு, கைடு, குறைந்தபட்சக் கற்றல் கையேடு எல்லாம்.

வினாத்தாளை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்தப் பொருள் எங்கே உதவும் என்பது அதில்தான் தெரியும். மொத்தம் 100 மதிப்பெண். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 இருக்கும், 10 எழுதினால் போதும், ஆனால் 28ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியிலும் அதே மாதிரி 14க்கு 10, அதில் 42ஆவது வினா கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. ஆக 14, 20, 50, 16. பாதி மதிப்பெண் அந்த ஐந்து மதிப்பெண் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பல பிள்ளைகள் மார்ச் வரை கவனிப்பதே இல்லை, ஒரு மார்க்கையே திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். பத்தி விடைகள் மட்டுமல்ல, கோடிட்ட இடம், பொருத்துக, வேறுபடுத்துக, காரணம் கூறுக, காலக்கோடு, வரைபடம் எல்லாமே அந்தப் பகுதிக்குள்தான் வருகின்றன.

முன்பு எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று ப்ளூபிரிண்ட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சில பாடங்களைத் தொடாமலேயே நல்ல மதிப்பெண் எடுக்க முடிந்தது, கைடுகளும் அதற்கேற்பத்தான் எழுதப்பட்டன. 2017 பொதுத்தேர்வில் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். 2023இல் 320 பேர். இந்தச் சரிவுக்குப் புதிய பாடநூல் மட்டும் காரணமில்லை. 2023இல் எழுதியவர்கள் ஏழாம் வகுப்பு முடியும்போது கொரோனாவால் பள்ளி மூடப்பட்டு, எட்டாம் வகுப்பை ஏறக்குறைய முழுசாக வீட்டிலேயே கழித்த பிள்ளைகள். ஆனாலும் நான் வகுப்பில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பழைய வினா முறைக்காகப் பழகிய படிக்கும் பழக்கம் புதிய புத்தகத்துக்குப் பொருந்தவில்லை. பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சி வினாக்களை, அதாவது பிள்ளைகள் 'புக் பேக்' என்று சொல்வதை, முழுசாகப் படித்துவிட்டு, பாடத்துக்குள்ளே இருந்து நாலைந்து வினாக்கள் வந்ததும் கையைப் பிசைந்தவர்கள் ஏராளம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கைடைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு, ஒரு கேள்விக்கு விடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவது கைடுதான். புத்தகத்தில் மூன்று பத்தியில் பரவிக் கிடப்பதை ஐந்து குறிப்பாக அடுக்கித் தருகிறது, அந்த அடுக்கும் வேலை உண்மையிலேயே கடினமானது. ஆனால் அந்த வேலையைத்தான் பிள்ளை செய்திருக்க வேண்டும். அடுக்கும்போதுதான் எது காரணம், எது விளைவு, எது வெறும் தகவல் என்று மனசு பிரித்துப் பார்க்கிறது. கைடில் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதை மனப்பாடம் செய்தால், மூன்றாவது குறிப்பு மறந்த இடத்திலேயே நாலாவதும் ஐந்தாவதும் நின்றுவிடும். திருத்தும்போது இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், மூன்று வரி அழகாக வரும், அப்புறம் வெற்றிடம். ஆகவே கைடை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நீங்களே புத்தகத்தைப் பார்த்து விடை எழுதிய பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திறங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கியும் பழைய அரசு வினாத்தாள்களும் வேறு ரகம். இவற்றில் படிப்பதற்கு எதுவுமில்லை, எழுதிப் பார்ப்பதற்குத்தான். மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு முழுத் தாளையும் எழுதினால் மட்டுமே பயன். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'இது தெரியும், இதுவும் தெரியும்' என்று டிக் அடித்துக்கொண்டே போவது மனத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது, மணற்கேணி செயலி 2023இல். புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலும் காணொலிகள் வரும். இவை புவியியலுக்குத்தான் அதிகம் கைகொடுக்கின்றன என்பது என் அனுபவம். பருவக்காற்று எப்படித் திசை மாறுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும் காற்று இந்தப் பக்கம் வரும்போது ஏன் ஈரமில்லாமல் வருகிறது என்பதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதைவிட அசையும் படத்தில் காட்டினால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். வரலாற்றுக் காணொலிகள் பெரும்பாலும் பாடத்தை உரக்க வாசிப்பதாகவே இருக்கின்றன, அதற்குப் புத்தகத்தையே வாசிக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறு. சுருக்கித் தருகிறேன் என்று வருகிற எந்தத் தாளும், பாடங்களுக்கு இடையே இருக்கும் தொடர்பை வெட்டிவிட்டுத்தான் சுருக்குகிறது. சமூக அறிவியல் நினைவில் நிற்பதோ அந்தத் தொடர்பினால்தான். கணக்கில் இருக்கிற மாதிரி இங்கே சாவி இல்லை என்று பிள்ளைகள் நினைப்பதாகச் சொன்னேனே, இருக்கிறது, இதுதான் அது.

ஒரு எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வரலாறு எட்டாவது பாடம் காந்தியக் காலகட்டம். அதில் 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வரும், மாகாணங்களில் இரட்டை ஆட்சி வந்தது என்று இருக்கும். அதே பாடத்தில் கொஞ்சம் தள்ளி, 1920இல் காங்கிரஸ் ஒத்துழையாமை இயக்கத்தை எடுத்துக்கொண்டது, சட்டமன்றம், நீதிமன்றம், அரசுப் பள்ளி எல்லாவற்றையும் புறக்கணிக்கச் சொன்னது என்று வரும். பத்தாவது பாடம் தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள். அங்கே 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்று சென்னை மாகாணத்தில் ஆட்சி அமைத்தது, சுப்பராயலு முதலமைச்சர் ஆனார், 1921இல் அரசு வேலைகளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் இடம் ஒதுக்கும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணை வந்தது என்று இருக்கும். ஜெராக்ஸ் தாளில் இவை நாலு தனித்தனி ஒரு மார்க். வருடம், பெயர் என்று நாலும் தனித்தனி மனப்பாடம்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். 1919 சட்டம் வந்ததால்தான் சில துறைகளாவது இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்தன, அதனால்தான் தேர்தலுக்கு அர்த்தம் வந்தது. காங்கிரஸ் ஒத்துழையாமையில் இறங்கித் தேர்தலைப் புறக்கணித்தது. களத்தில் பெரிய போட்டி இல்லாமல் போனது. நீதிக்கட்சி வென்றது, அமைச்சரவை கையில் இருந்ததால்தான் அந்த ஆணையைப் போட முடிந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு 1919, 1920, 1921 என்ற மூன்று எண்ணும் இடம் மாறவே மாறாது, மாறினால் கதையே ஓடாது. கூற்று, காரணம் என்று கேட்டாலும் சமாளிக்கும், இரட்டை ஆட்சி பற்றி இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டாலும் சமாளிக்கும், 1920க்கும் 1940க்கும் இடையே ஐந்து நிகழ்வுகளைக் காலக்கோட்டில் காட்டு என்றாலும் சமாளிக்கும்.

ஏழாவது பாடத்துக்கும் ஒன்பதாவது பாடத்துக்கும் இதே உறவுதான். 1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தார், அதற்கு எதிராகச் சுதேசி இயக்கம் கிளம்பியது என்பது ஏழில். ஒன்பதில் வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், அதே வருடம் கைது, 1911 ஜூனில் மணியாச்சியில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது. பிள்ளைகள் ஏழை அகில இந்தியப் பாடம், ஒன்பதைத் தமிழ்நாட்டுப் பாடம் என்று வேறு வேறு நாளில் படிக்கிறார்கள். வங்கத்தில் போட்ட கோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலாக வந்து நின்றது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், வகுப்பில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். ஒரே காலக்கோட்டில் மேல் பக்கம் இந்தியா, கீழ்ப் பக்கம் தமிழ்நாடு என்று எழுதச் சொல்கிறேன். 1911க்கு மேலே வங்கப் பிரிவினை ரத்து, கீழே மணியாச்சி. ஒரு சார்ட் பேப்பர் போதும், வருடம் முழுக்கச் சுவரில் இருக்கும்.

புவியியலும் பொருளியலும் இதைவிட நெருக்கமானவை. கோயம்புத்தூரில் ஏன் பஞ்சாலைகள் என்று கேட்டால், கரிசல் மண், பருத்தி என்று புவியியல் பாடத்தில் பதில் பாதி இருக்கிறது, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது, அதன் தொடர்ச்சியாகத் திருப்பூர் பின்னலாடை பொருளியல் கடைசிப் பாடத்தில் இருக்கிறது. சிவகாசிக்கு வறண்ட வானிலை. இப்படி இடத்துக்குக் காரணம் சேர்த்துப் படித்தால் 'தொழில்துறைத் தொகுப்புகள்' பாடத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

வரைபடம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாடு வரைபடத்துக்கு 5, எட்டு மதிப்பெண் பகுதியில் இன்னொரு வரைபடத்துக்கு 8, ஆக 13 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எழுத்தே இல்லாமல் கிடைக்கிறது. ஆனால் இதற்குப் பிள்ளைகள் பயன்படுத்தும் பொருள் தவறானது. எல்லா இடமும் குறித்து அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்ப்பது வேறு, குறிப்பது வேறு. வெற்று வரைபடத்தைக் கொடுத்துப் பாலாறு போடச் சொன்னால் பேனா வேலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அலையும். தாமிரபரணியும் வைகையும் இடம் மாறும். மன்னார் வளைகுடாவைப் பாக் நீர்ச்சந்திக்கு மேலே எழுதுவார்கள்.

நான் செய்வது இதுதான். முதலில் ஆறு எதுவும் வேண்டாம், கடற்கரையில் மட்டும் மேலிருந்து கீழே ஐந்து புள்ளி: சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, கன்னியாகுமரி. நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் கீழே கோடியக்கரையில் நிலம் முனையாக நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே உள்வாங்கிய இடம் பாக் நீர்ச்சந்திப் பக்கம், ராமேசுவரம் தாண்டிக் கீழே இறங்கினால் மன்னார் வளைகுடா. அந்த முனையும் ராமேசுவரமும் கைக்குப் பழகிவிட்டால் மற்றவை தானாக இடம் பிடிக்கும். பாலாறு சென்னைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது, காவிரி நாகப்பட்டினத்துக்கு வடக்கே, வைகை ராமநாதபுரம் பக்கம், தாமிரபரணி தூத்துக்குடிக்குத் தெற்கே. ஆற்றைக் கடலில் இருந்து மேற்கே பின்னோக்கி இழுக்கச் சொல்வேன், மலையிலிருந்து இழுத்தால் எங்கே போய்ச் சேருவது என்று தெரியாமல் கை தடுமாறும். வெற்று வரைபடத் தாள் ஒன்று கடையில் மிகக் குறைந்த விலைதான், அதுவும் வேண்டாம் என்றால் புத்தகப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து ஓரம் வரைந்துகொள்ளலாம். ஒரு பிள்ளை வாரத்துக்கு இரண்டு வீதம் ஜனவரியிலிருந்து போட்டால் பொதுத்தேர்வுக்குள் இருபதுக்கு மேல் ஆகிவிடும். அதற்கு மேல் தேவையில்லை.

அப்புறம் அந்தப் பழைய தாள் விவகாரம். யூனியன் பிரதேசம் மட்டுமில்லை. தமிழ்நாட்டில் 2018 வரை 32 மாவட்டங்கள், 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020இல் மயிலாடுதுறை சேர்ந்து 38. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தலைமை நீதிபதியோடு சேர்த்து 31 என்று பல நோட்ஸில் இருக்கிறது, 2019இலேயே அது 34 ஆகிவிட்டது. மக்களவைக்கு இரண்டு ஆங்கிலோ-இந்திய உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்ற ஏற்பாடு 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்தது. குடிமையியல் என்பது நடந்துகொண்டே இருக்கும் பாடம், அதில் அண்ணன் படித்த நோட்ஸ் தம்பிக்கு ஆகாது. அந்தந்த வருடம் பள்ளியில் கொடுக்கும் பாடப்புத்தகத்தை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் அதன் பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் எந்தத் தாளையும் திறந்ததும் தேதியைத் தேடுங்கள், தேதி இல்லையென்றால் குடிமையியல், பொருளியல், தமிழ்நாட்டுப் புவியியல் மூன்றுக்கும் அதைத் தொட வேண்டாம்.

குறைந்தபட்சக் கற்றல் கையேடு என்று முதலில் சொன்னேனே, அந்த மெல்லக் கற்போர் கையேட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் வரும், அதையும் மறைக்கவில்லை. அந்தக் கையேடு தேவைதான். பத்தாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி இரண்டு மாதத்தில் வரைபடம், காலக்கோடு, வேறுபடுத்துக, குறிப்பிட்ட சில பெரிய வினாக்கள் என்று தொகுத்துக் கொடுத்து அவர்களைக் கரையேற்றுவது நல்ல காரியம். ஆனால் அதை ஜூலை மாதமே கையில் கொடுத்து, இவ்வளவுதான் உனக்கு என்று பின் பெஞ்சில் தனியாக உட்கார வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் மூடிவிடுகிறது.

அப்படி உட்கார வைக்கப்பட்ட ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். கையேட்டில் 'வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை' என்று ஒரு வரி. அதை அவனால் மறுநாள் சொல்ல முடியவில்லை. அவன் வீட்டில் மானாவாரி நிலம். எப்போது விதைப்பீர்கள் என்று கேட்டேன். ஆடியில் நிலக்கடலை என்றான். அந்த மழை எங்கிருந்து வரும் என்றதற்கு, கை தானாக மேற்கே நீண்டது. அடைமழை எப்போது என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஐப்பசி இங்கிலீஷ் மாதத்தில் எது என்று விரல் விட்டு எண்ணி, அக்டோபர் பாதி, நவம்பர் பாதி என்று அவனே சொன்னான். பருவக்காற்றுப் பாடம் முழுவதும் அவனிடம் இருந்தது, அச்சில் இருந்த பெயர்தான் அவனுக்குப் புதிது. ஆகவே கையேடு தயாரிக்கிற ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: விடையை மட்டும் சுருக்கிக் கொடுக்காமல், ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து இரண்டு வரி தொடங்குங்கள். ஜி.எஸ்.டி.க்கு மளிகைக் கடை ரசீது, உணவுப் பாதுகாப்புக்கு ரேஷன் கார்டு, உள்ளாட்சிக்குத் தெருவிளக்கு.

படித்ததைத் திருப்பிப் பார்ப்பதற்கும் திருப்பி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அதிகம் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இடையில் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நம் ஊர் ஸ்லிப் டெஸ்ட்டின் பலம் அதுதான், மதிப்பெண்ணுக்காக இல்லாமல் ஞாபகத்துக்காக வைத்தால். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதச் சொல்கிறேன், வரிசை தப்பினாலும் பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்புதான் அந்தப் பிள்ளைக்கான முக்கிய வினா, அதை எந்த ஊர் ஜெராக்ஸும் தர முடியாது. 27 பாடத்துக்கு 27 தாள். வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாடத்தைக் கதையாகச் சொல்லச் சொல்வதும் உண்டு. அம்மாவுக்குப் புரிகிறதா என்பதே சோதனை, பல அம்மாக்கள் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டதாகப் பிள்ளைகள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எந்தத் தாளும் கையில் எடுக்க வேண்டாம், காலையில் வாட்ஸ்அப்பில் 'இன்று உறுதியாக வரும்' என்று சுற்றுவதையும் திறக்க வேண்டாம். அந்த 27 தாளும் இரண்டு வெற்று வரைபடமும் போதும். தேர்வு அறையில் 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும், வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15க்குத்தான் எழுதத் தொடங்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் விடப்போகிற நாலு நாலு வினாக்களை முடிவு செய்துவிடுங்கள், 28உம் 42உம் அதில் சேராது. வரைபடம் இரண்டையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளி வைத்தால் கை நடுங்கும், பாலாறு மறுபடியும் விழுப்புரம் பக்கம் போகும்.